செட்டு மாத்திரையில் சேர்த்தி இல்லை

உடம்பு திடீரென்று அங்கங்கே தடித்து, சிவந்து, அரிக்க ஆரம்பித்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பெயர்தான், காணாக்கடி. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடித்துவிட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். இந்தப் பெயரை வைத்தவர் நல்ல போலீஸ்காரராக இருந்திருப்பார். குற்றம் நடந்துவிட்டது, குற்றவாளி தலைமறைவு, கேஸை எழுதி முடித்தாயிற்று. மிச்ச வேலை நம்முடையது. தலையணை உறையை உதற வேண்டும், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிக்க வேண்டும், பூரானா பல்லியா எட்டுக்கால் பூச்சியா என்று சுவரோரம் தவழ வேண்டும். ஒன்றும் அகப்படாவிட்டால், கையில் அகப்படுகிற ஆள் யார் என்று பார்க்க வேண்டும். எனக்கு அகப்பட்டவர் என் மாமியார்.

நான் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் எடைமேடை ஆபரேட்டர். லாரி மேடை மீது ஏறி நிற்கும். காலி வண்டியின் எடை ஒன்று, சரக்கு ஏற்றிய வண்டியின் எடை ஒன்று. இதிலிருந்து அதைக் கழித்தால் இரும்பின் எடை. சீட்டு அடித்துக் கையில் கொடுத்துவிடுவேன். வேலை அவ்வளவுதான் என்றாலும் சனிக்கிழமைகளில் எங்களுக்குப் பேய் பிடித்துவிடும். ஞாயிறு விடுமுறை என்பதால் எல்லா யார்டுக்காரர்களும் அன்றைக்கே சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். விடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுந்திருப்பேன். மறுநாள் காலையில் இடுப்பை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன்.

"சீட்டு கீய்க்கிறவருக்கு இடுப்பு வலியாம். இரும்ப தூக்குறவன் விசிலட்ச்சிகினு போறான்" என்பாள் மனைவி.

அவள் கடற்கரைக் குப்பத்துப் பெண். நான் வியாசர்பாடி. அப்பா மாதச் சம்பளக்காரர் என்பதால், மீனை விலைக்கு வாங்கித்தான் சாப்பிட வேண்டும், விற்கிறவர்கள் வேறு ஜாதி மனிதர்கள் என்பது போல ஒரு திமிர் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. கல்யாணம் ஆனதும் போய்விட்டது என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமியார் காலடிப்பேட்டைத் தெருக்களில் கூடையில் மீன் விற்பவர். நாங்கள் குடியிருக்கும் தெருவுக்கு நாங்கள் குடிவருவதற்கு முன்பிருந்தே அவர்தான் மீன்காரம்மா. ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தெருவும் முடித்துவிட்டுக் கடைசியாக எங்கள் தெருவுக்கு வருவார். எங்களுக்கென்று எடுத்து வைத்த மீன் தனிக் கவரில், கை நிறைய ஐஸோடு இருக்கும். மகளை அடுப்புக்குப் பக்கத்தில் விடமாட்டார். தானே கழுவி, தானே அரைத்து, தானே குழம்பு வைத்து, எனக்குப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வார். நான் இரண்டாவது முறை சோறு கேட்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பாராட்டினால் பிடிக்காது. சோறு கேட்டால் பிடிக்கும்.

முதல் தடவை தடித்தது அப்படி ஒரு ஞாயிறு மதியம்தான். எறா தொக்கு. கை கழுவிவிட்டு வந்து படுத்தேன், லுங்கி முடிச்சுப் போட்ட இடத்தில் அரித்தது. சொறிந்தேன். சொறிந்த இடம் எழும்பியது. அப்புறம் வயிறு, தொடை, முதுகு என்று தடிப்புகள் ஒன்றோடு ஒன்று கைகோத்துக்கொண்டு அப்பளம் அளவுக்குப் பரவிவிட்டன. உள்ளங்காலில் கூட அரித்தது. உள்ளங்காலை எப்படிச் சொறிவது என்று இதுவரை யாருக்கும் தெரியாது. தரையில் தேய்த்துக்கொண்டே வீட்டுக்குள் நடந்தேன்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஹவுஸ் ஓனரம்மா இறங்கி வந்தார். கையில் கம்பளி. காணாக்கடிக்குக் கம்பளி தேய்ப்பது எங்கள் ஊர் வைத்தியம். ஆனால் இந்த வெயிலில் எவன் கம்பளி வைத்திருக்கிறான்? தெருவுக்கே ஒன்றுதான். ஓனரம்மா ஒரு முறை ஊட்டிக்கு டூர் போனபோது வாங்கியது. போர்த்திக்கொள்ள இன்று வரை யாருக்கும் பயன்பட்டதில்லை. தெருவில் யாருக்கு உடம்பு தடித்தாலும் பாச்சை உருண்டை நாற்றத்தோடு அது கீழே இறங்கிவரும்.

"சும்மா குந்துப்பா, சூட்ட இஸ்துரும்" என்று முதுகில் வைத்து மரம் இழைப்பது போல் இழைத்தார். அரிப்பு இரண்டு மடங்கானது. இரண்டு மடங்கானால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமாம். டீக்கடைக்காரர் வெற்றிலையில் மிளகு மடித்துக் கொடுத்தனுப்பினார். அதையும் மென்றேன். பக்கத்து போர்ஷனில் இருந்து வேப்பிலைக் கொத்து வந்தது. மனைவி ரோஸ் கலர் லோஷனை எடுத்து அடித்தாள். ஒரு கோட் அடித்த சுவர் போல நடு ஹாலில் நின்றேன். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

மாமியார் எழுந்து கூடைக்குப் போனார். கூடையில் மிச்சமிருந்த ஐஸை எடுத்துத் தரையில் தட்டி உடைத்தார். ஈரத் துண்டில் சுற்றினார். "இப்டி திரும்பு மாப்ள" என்று முதுகில் வைத்தார். மீன் வாடை மூக்கைத் துளைத்தது, ஆனால் முதுகு சொர்க்கத்தில் இருந்தது. வைத்து வைத்து எடுத்ததில் கால் மணி நேரத்தில் அரிப்பு பாதிக்குப் பாதி அடங்கியது. ஆனால் அதை வைத்தியம் என்று யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அது வெறும் ஐஸ். கம்பளிதான் காப்பாற்றியது என்று ஓனரம்மா தெருமுனை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

சாயந்திரம் மருந்துக் கடைக்குப் போனேன். "அரிப்புக்கு ஒரு செட்டு குடுங்க சார்."

செட்டு என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சளிக்கு ஒரு செட்டு, காய்ச்சலுக்கு ஒரு செட்டு, உடம்பு வலிக்கு ஒரு செட்டு. அட்டையிலிருந்து கத்தரியால் வெட்டிய மாத்திரைகள், சின்னக் காகிதக் கவரில் மூன்றோ நான்கோ. வெட்டுகிற வெட்டில் பெயர் பாதியாகிவிடும். பெயர் யாருக்கு வேண்டும்? வெள்ளை பெரியது, மஞ்சள் சின்னது, ரோஸ் கலர் வயிற்றுக்கு. டாக்டரிடம் போனால் அரை நாள் சம்பளம் போகும். செட்டு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இடுப்பு வலிக்கு நான் வழக்கமாகப் போடுவதும் ஒரு செட்டுதான். டீக்கடையும் மருந்துக் கடையும் பக்கத்துப் பக்கத்தில். டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் செட்டை வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, மீனுக்குக் காத்திருப்பேன்.

கடைக்காரர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். "வீங்கிகினு கீதே நைனா. வீக்கத்துக்கும் ஒண்ணு வெக்கறேன்" என்று அரிப்பு மாத்திரையோடு இன்னொரு வெள்ளை மாத்திரையும் சேர்த்து மடித்துக் கொடுத்தார். ராத்திரி போட்டேன். அரிப்பு மாத்திரை நன்றாகத் தூங்க வைத்தது. திங்கள்கிழமை காலையில் எழுந்தபோது புதிதாக நாலு இடத்தில் தடித்திருந்தது. நேற்றைய மிச்சம் என்று சொல்லிக்கொண்டேன்.

அதன்பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறாவது இந்தக் கூத்து நடந்தது. மனைவி என் முதுகைப் போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டாள். என் முதுகை அவ்வளவு பேர் பார்த்ததற்கு எனக்கு இன்னும் வெட்கம் தீரவில்லை. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே கருத்து. மீன்.

ஞாயிற்றுக்கிழமை மீன், ஞாயிற்றுக்கிழமை தடிப்பு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? எறாவை நிறுத்தினோம். அடுத்த வாரம் நண்டை நிறுத்தினோம். அப்புறம் கானாங்கத்தை மீனை. "பேர்லயே கீதேப்பா, கானாங்கத்த துன்னா காணாக்கடி வராம இன்னா வரும்?" என்றார் டீக்கடைக்காரர். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அதை நம்பினேன். கடைசியில் மாமியார், தெருவில் விற்கக் கூட எடுக்காத வஞ்சிரத்தை எனக்காக வாங்கி வந்தார். அதற்கும் தடித்தது.

நடுவில் ஒரு கிளினிக்குக்கும் போனேன். காணாக்கடிக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. டோக்கன் வாங்கி உட்கார்ந்து, நம் முறை வருவதற்குள் சுவடே இல்லாமல் மறைந்துவிடும். தடிப்பைக் காட்டப் போய், சொறிந்த கீறலை மட்டும் காட்டிவிட்டு நின்றேன். போனில் இருந்த முதுகைக் காட்டினேன். டாக்டர் பார்த்துவிட்டு, "மாத்திரை ஏதாவது எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே கிடையாது சார்" என்றேன். பெருமையாக வேறு சொன்னேன்.

பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் மாத்திரை போடுகிற ஆள் என்றால் அவர் ஷுகர்காரர், பிரஷர்காரர், ஆஸ்பத்திரி நோட்டு வைத்திருப்பவர். மாத்திரை என்பது வாழ்நாளெல்லாம் போடுவது. செட்டு என்பது ஒரு வேளைக்குப் போடுவது. அது மாத்திரையில் சேர்த்தி இல்லை. டீக்குப் பிஸ்கட் போல. பிஸ்கட் சாப்பிட்டீர்களா என்று டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"மீன் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க" என்றார். தீர்ப்பு வந்துவிட்டது என்று வீட்டுக்கு வந்தேன்.

வந்தவன் மனைவியிடம் சொல்லி, மனைவி அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லியிருந்தால் கதை வேறு. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடியும் தடித்துவிட்டது. அன்றைக்கு மீன் இன்னும் அடுப்பில் கூட ஏறவில்லை. அதை யார் கவனித்தார்கள்? மாமியார் எங்கள் வாசலில் கூடையை இறக்கி வைத்திருந்தார். ஓனரம்மா சங்கரா மீனைப் பேரம் பேசித் தட்டில் எடுத்துவிட்டார். எதிர் வீட்டிலிருந்து இரண்டு பேர் பாத்திரத்தோடு நின்றார்கள். நான் முதுகை வாசல் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டே கத்தினேன்.

"முந்தாநாள் மீன ஐஸ்ல போட்டு வெச்சி இன்னிக்கி எட்த்துனு வந்தா, துன்றவன் ஒடம்பு தடிக்காம இன்னா பண்ணும்?"

அரிக்கிறவனுக்கு வாயில் பூட்டு கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஓட்டினேன். உண்மை என்னவென்றால், அந்த வாக்கியம் அப்பாவின் வீட்டிலிருந்து வந்தது. மீன்காரர்களைப் பற்றி நாங்கள் எப்போதும் பேசுகிற வாக்கியம். அரிப்பு அதைக் கிளப்பிவிட்டது, அவ்வளவுதான்.

மாமியார் என்னைப் பார்த்தார். ஒரு சங்கராவை எடுத்து, கட்டை விரலால் செவுளைத் திறந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"செவுள பாத்துட்டு சொல்லு மாப்ள."

நான் பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது ஓனரம்மா தட்டில் இருந்த மீனை ஒவ்வொன்றாகக் கூடையில் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். பாத்திரத்தோடு நின்றவர்களைக் காணவில்லை. மீனும் ஐஸுமாகக் கனக்கிற கூடையைத் தலையில் ஏற்ற ஒரு கை பிடிக்க வேண்டும். எப்போதும் நான்தான் பிடிப்பேன். அன்றைக்கு மாமியார் சும்மாட்டைத் தலையில் வைத்து, கூடையை முதலில் முழங்காலுக்குத் தூக்கி, அப்புறம் படிக்கட்டு விளிம்புக்குத் தூக்கி, அங்கே குனிந்து தலையைக் கொடுத்து, தானே எழுந்து போனார். எங்கள் கவர் வாசற்படியிலேயே இருந்தது. மனைவி அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அவர் வாங்கவில்லை.

அதற்கப்புறம் அவர் எங்கள் தெருவுக்கு வரவில்லை. வந்தும் பிரயோஜனம் இல்லை. "மருமவனுக்கே ஒத்துக்கலியாம், நமக்கு இன்னாத்துக்கு வம்பு?" என்று தெருவே பேசிக்கொண்டது. இத்தனை வருடம் தின்று வளர்ந்த தெரு. என் முதுகைப் பார்த்து ஒரே நாளில் மீன்காரம்மாவை மாற்றிக்கொண்டது. பக்கத்துத் தெருக்களிலும் கதை பரவி, அங்கேயும் கூப்பிடுவது குறைந்துவிட்டதாக மனைவி போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் நேராகச் சொல்லவில்லை. என்னிடம் அவள் பேசுவதையே குறைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாம்பார் வைக்க ஆரம்பித்தாள். முருங்கைக்காய் கூடப் போடாத சாம்பார். அது தண்டனை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும்.

இரண்டு ஞாயிறு தடிப்பு இல்லை. அந்த இரண்டு சனிக்கிழமைகளிலும் மார்க்கெட்டில் சரக்கு இல்லை, இடுப்பு வலியும் இல்லை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பார்த்தாயா என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன். மூன்றாவது ஞாயிறு சாம்பார் சோற்றுக்கே தடித்தது.

ஓனரம்மா கம்பளியோடு வந்தார். இப்போது கத்திரிக்காய் குற்றவாளியானது. அடுத்த வாரம் முட்டை. டீக்கடைக்காரர் எண்ணூர் ஆலைகள் பக்கம் கையைக் காட்டி, "காத்துல எவனோ இன்னாத்தயோ வுட்டுகினு கீறான் மாமு" என்றார். எங்கள் பக்கத்தில் எதற்கு வேண்டுமானாலும் காற்றைச் சொல்லலாம், பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் காற்று என் ஒருவன் முதுகுக்கு மட்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வராது. இத்தனையையும் சந்தேகப்பட்டோம். அரிப்புக்கு வைக்க வேண்டிய ஐஸ் மட்டும் வீட்டில் இல்லை. எங்கள் பிரிட்ஜின் மேல் அறை உறையாமல் ஒழுகுவது. ஐஸ் கொண்டுவந்தவரைத்தான் நான் துரத்திவிட்டேனே.

தினம் நூறு லாரியைக் கழித்துப் பார்க்கிறவன் நான். மீனைக் கழித்த பிறகும் எடை அப்படியே நிற்கிறது என்றால் மேடையில் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஒரு கிளீனர் பையன் மேடை மீது நின்றுகொண்டிருந்தால் கூடக் கண்ணாடி வழியாகப் பார்த்து, இறங்கு என்று கத்துகிறவன். என் விஷயத்தில் அது தோன்றவே இல்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை மார்க்கெட்டில் நெரிசல் தாங்கவில்லை. ஞாயிறு காலை குனியவே முடியவில்லை. மருந்துக் கடையில் ஒன்றுக்கு இரண்டாகச் செட்டு வாங்கினேன். ஒன்றை அங்கேயே போட்டேன். பதினோரு மணிக்கு இரண்டாவதில் பாதியைப் போட்டுவிட்டு, மீதியைச் சட்டைப் பையில் வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு உடம்பெல்லாம் தடித்தது. அது பழகியதுதான். ஆனால் இந்த முறை மேலுதடு கனத்தது. கண்ணாடியில் பார்த்தேன், வேறு யாரோ ஒருவரின் உதடு. மனைவியைக் கூப்பிட்டேன், குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. தொண்டையில் எதுவோ அடைப்பது போல இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. நிஜமான பயம்.

ஓனரம்மா கம்பளியோடு பாதிப் படி இறங்கியிருந்தார். "அத்த மேலயே வெய்ங்க" என்று மனைவி ஒரு சத்தம் போட்டாள். ஆட்டோவைப் பிடித்து அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விட்டோம். ஊசி போட்டார்கள். மூச்சு சீரானது. நர்ஸம்மா என் தலைமாட்டில் நின்று மனைவியைத் திட்டினார். "தடிப்பு மட்டும்னா ஐஸ் வெச்சி, லூசா துணி போட்டு, சொறியாம இருந்து பாக்கலாம். ஒதடு வீங்குது, மூச்சு திணறுதுன்னா ஒரு நிமிஷம் வூட்ல நிக்கக் கூடாது." மனைவி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

இளம் பெண் டாக்டர் ஒருவர் வந்து அதே கேள்வியைக் கேட்டார். மாத்திரை ஏதாவது? நான் இல்லை என்று தலையாட்டினேன். வாய் திறக்க வரவில்லை. மனைவி பதில் சொன்னாள்.

"அதெல்லாம் ஒண்ணும் போடமாட்டாரு டாக்டர். செட்டுதான் போடுவாரு."

"செட்டுன்னா?"

எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கேள்வி விசித்திரமாக இருந்தது. மனைவி என் சட்டைப் பையிலிருந்து காகிதக் கவரை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் கையில் கொட்டிப் பார்த்தார். வெட்டுப்பட்ட அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தார். இதை எப்போது போடுவீர்கள், எத்தனை மணிக்குத் தடிக்கும், தடித்தால் என்ன போடுவீர்கள் என்று கேட்டார். மீனை நிறுத்திய கதையோடு சேர்த்து மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். வீக்கத்துக்கும் ஒன்று உண்டு என்றதும் கண்ணை மூடித் திறந்தார். அந்தப் பெரிய வெள்ளை மாத்திரையைத் தனியாக எடுத்து என் முன்னால் பிடித்தார்.

"வலி மாத்திரைங்க. உங்களுக்கு இது ஆகல. ஆகாததுக்கு இதையே மருந்தாவும் போட்டிருக்கீங்க." அதன் பெயரைச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதினார். "எந்தக் கடைக்கு, எந்த டாக்டர்கிட்ட போனாலும் மொதல்ல இதைக் காட்டணும்."

"மீனு?" என்றேன், வீங்கிய வாயால்.

"மீனே சாப்பிடாத வாரத்திலயும் வந்திருக்குன்னு சொன்னீங்களே. மீன் என்ன பண்ணுச்சு?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி என்பதால் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோவில் சொன்னாள். வீடு வரும் வரை சொன்னாள். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது, எழுதினாலும் எனக்குத்தான் கேவலம்.

மறுநாள் மருந்துக் கடைக்குப் போனேன். கூட்டம் குறையட்டும் என்று தள்ளி நின்று, கடைசி ஆளும் போனபிறகு பக்கத்தில் போய், சீட்டைக் காட்டி, "சார், தப்பா நெனச்சிக்காதீங்க, இது நமக்கு ஒத்துக்கலியாம்" என்றேன்.

"அப்டியா நைனா? வேற கம்பெனி தர்றேன்" என்றார் அவர்.

"இல்ல சார், இந்த மருந்தே கூடாதாம்" என்று சொல்லிவிட்டு, என்னவோ நான் அவருக்குக் குற்றம் செய்துவிட்டது போலக் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். ஓனரம்மாவிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "மாத்தரயும் சூடு, மீனும் சூடு. ரெண்டும் சேந்தா பேஜார்தான்பா" என்று கம்பளியை மடித்து வைத்தார்.

பிறகு மாமியாரிடம் போனேன். தெருத் தெருவாகச் சுற்றுவதை விட்டுவிட்டு, கடலோர ரோட்டில் மற்ற மீன்காரர்களோடு கோணி விரித்து உட்கார்ந்திருந்தார். கூடை பாதிக்கு மேல் விற்காமல் இருந்தது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செட்டு, வெள்ளை மாத்திரை, டாக்டர். தப்பு என்னுடையதுதான் அத்தை என்றும் சொன்னேன். அவர் யாருக்கோ மீனைச் செதில் சீவிக்கொண்டே கேட்டார்.

"கடக்காரன் கைல சொன்னியா?"

"சொல்லிட்டேன் அத்த."

"தெருவுல நின்னுகினா?"

அவர் மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் சீவினார்.

"என் மீன தெருவுக்கே கேக்கறாப்புல சொன்ன. அவன் மாத்தரய அவன் காதுல சொல்ட்டு வந்துகீற. போ மாப்ள, யாவார நேரம்."

திரும்பி வரும் வழியெல்லாம் அது அரித்தது. எங்கே சொறிவது என்று தெரியாத அரிப்பு.

சாயந்திரம் வேலை விட்டு எல்லோரும் வருகிற நேரம். மருந்துக் கடை முன்னால் நல்ல கூட்டம். ஆளாளுக்குச் செட்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓனரம்மா கூடச் சளிக்கு ஒன்று வாங்க நின்றார். எதிர் வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். நான் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் கடைக்காரர் வழக்கம் போல, "இன்னா நைனா, செட்டா?" என்றார்.

தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேச எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒரு முறை பேசியவன்தான். சீட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் உடம்பைத் தடிக்க வைத்தது இந்தக் கடைச் செட்டு, உதட்டை வீங்க வைத்ததும் இதே செட்டு, மாமியார் மீனில் ஒரு குறையும் கிடையாது, பழி போட்டவன் நான்தான் என்று கத்தினேன். கடைக்காரர் முகம் மாறிவிட்டது. இன்றைக்கும் அவர் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். கூட்டத்தில் ஒருவர் மட்டும் தன் கவரைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவில் மாமியார் குரல் கேட்டது. ஓனரம்மா படியில் இறங்கி, செவுளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, இதற்கு முன் பேசாத பேரமெல்லாம் பேசி, அரைக் கிலோ சங்கரா வாங்கினார். எதிர் வீட்டில் ஒருவர் வாங்கினார், ஒருவர் கதவைத் திறக்கவில்லை. நான் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன்.

"இன்னா பாத்துகினு கீற? கூடய தூக்கி வுடு" என்றார் மாமியார்.

ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்துத் தலைக்கு ஏற்றினேன். ஈரம் சட்டையில் ஒழுகியது. அவர் மணிக்கட்டில் மாட்டியிருந்த கவரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் வராமல் நேராகப் போய்விட்டார். கவர் கனமாக, ஜில்லென்று இருந்தது. சமையலறைக்குக் கொண்டுபோய் மனைவி முன்னால் பிரித்தேன்.

முழுக்க ஐஸ். ஒரு மீன் கூட இல்லை.

எத்தனையோ வாரம் கழித்து மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கும் எங்கள் வீட்டில் சாம்பார்தான்.